பதிலி வகுப்பு

சோஷியல் டீச்சருக்குப் பல் பிடுங்கிய நாள்.
ஆறாவது பீரியட், ஏழாம் வகுப்பு ஆ பிரிவு.
கணக்கு வாத்தியார் என் தலையில் விழுந்தது
சமயங்களும் கடவுள் கொள்கையும்.

எனக்குத் தெரிந்த ஒரே வழி அட்டவணை.
கோடு கிழித்தேன். இடப்பக்கம் சமயம்,
வலப்பக்கம்: எத்தனை?
அவரவர் வீட்டில் சொல்வதை அவரவர் சொல்லலாம்.
யாரும் சிரிக்கக் கூடாது என்றதும்
இரண்டு பேர் சிரித்தார்கள்.

சனோபர் எழுந்தாள். "ஒண்ணு, சார்."
எழுதிவிட்டுத் திரும்பினால் இன்னும் நிற்கிறாள்.
"நீங்க போட்ட ஒண்ணு இல்ல சார்.
அதுக்கப்புறம் ரெண்டு வரும்.
இது ரெண்டே வராத ஒண்ணு."
இருபத்திரண்டு வருஷமாக
ஒன்றில்தான் தொடங்குகிறேன்.
அந்த ஒன்றை எப்படிப் போடுவது?
அதே கோட்டை
இன்னும் கொஞ்சம் அழுத்திப் போட்டேன்.

காசிமேட்டு ரூஃபஸ் மூன்று என்றான்.
உடனே ஒன்று என்றான்.
எதையாவது ஒன்றைச் சொல்லுடா.
"மூணு பேரு சார். ஒரே ரேஷன் கார்டு."
அவன் மட்டும் சிரிக்கவில்லை.
மீன் ஏலத்தில் விலை சொன்னவன் போல நின்றான்,
இதற்குக் கீழே இறங்க மாட்டேன் என்று.

டில்லிபாபு விரல் விட்டான்:
தெருமுனை எல்லையம்மன்,
அத்தை வீட்டு அங்காளம்மா,
ஆடி மாசம் பெரியபாளையம்,
அப்பாவுக்குக் கார்த்திகை மார்கழி மட்டும் ஐயப்பன்.
விரல் தீர்ந்து பக்கத்துப் பையன் கையைக் கடன் வாங்கினான்.
"ஆனா எல்லாமே ஒண்ணுதான்னு அம்மா சொல்லும் சார்.
கூழ் மட்டும் தனித்தனியா ஊத்தணும்."

"செஞ்சவர்னு யாரும் இல்ல சார்,"
எம்.சி. ரோடு துணிக்கடை ஹிதேஷ்.
"ஜெயிச்சவங்க இருக்காங்க. இருவத்துநாலு."
"யாரை ஜெயிச்சாங்க?"
கேட்டது கடைசி பெஞ்ச்,
காலையில் பாக்ஸிங் போகிற பையன்.
"தன்னை."
அவன் தன் கைமுட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

கறுப்புச் சட்டைக்காரர் மகன் இனியன்
பூஜ்யம் என்றான்.
வணங்கத்தக்கது என்றும்
அந்தச் சொல்லுக்குப் பொருள் உண்டு.
நான் சொல்லவில்லை.
தன் வீட்டு எண்ணைத் தெளிவாகத்தானே சொன்னான்.

"உங்க வீட்லயும் பூஜ்யமா?"
வியாசர்பாடி சங்கமித்ரா தலையாட்டினாள்.
"எங்க புத்தருக்கு அந்தக் கட்டமே இல்ல சார்."
காலியாக விட்டேன்.
"காலியா வுட்டா மார்க் பூடும் சார்!" என்றது வகுப்பு.
அவள் சொன்னபடி கோட்டையே அழிக்கப் போனேன்.
அழித்தால் மேலே இருக்கும் இனியன்
கீழே வந்து கலந்துவிடுவான்.
டஸ்டரைக் கையிலேயே வைத்துக்கொண்டேன்.

"சரி சார், ஆன்சர் எது?"
முதல் பெஞ்ச் மோனிகா.
"கணக்கு புக்குல பின்னாடி இருக்குமே."
கடைசிப் பக்கம் புரட்டினேன், கலைச்சொற்கள்.
முதல் பக்கம் புரட்டினேன்.
கடவுள் எத்தனை என்று அங்கும் இல்லை.
தீண்டாமை பாவச்செயல் என்று மட்டும்
அச்சடித்திருந்தது, சந்தேகமே இல்லாமல்.

"உங்க வீட்ல எவ்ளோ சார்?"
என் வீட்டில் ஒரு விடை, மனைவிக்கு வேறு விடை,
பதினாறு வருஷமாக ஒரே குக்கர்.
சொல்ல வாயெடுக்கும்போது
கொருக்குப்பேட்டை கேட் மூடி
கூட்ஸ் வண்டி வந்தது.

மொத்த வகுப்பும் ஜன்னல் பக்கம் திரும்பி
வழக்கம்போல எண்ணத் தொடங்கியது.
பெஞ்ச் அதிர்ந்தது. சாக்பீஸ் உருண்டது.

"நாப்பத்தெட்டு!"
"நாப்பத்தொம்போது!"
"எஞ்சினைச் சேத்தியா?"
"பின்ன, அதானே இழுக்குது?"
"இழுக்கறது எப்பிடிடா பெட்டியாவும்?"

மணி அடித்தும் தீரவில்லை.
பையை மாட்டிக்கொண்டு, படியில், கேட்டருகில்,
எஞ்சினைச் சேர்த்தா, சேர்க்காமலா.
பதிலி நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு
அவர்கள் பின்னாலேயே நடந்தேன்.

கடைசியில் கார்டு பெட்டி ஒன்று போனதே,
அதை யாரும் கேட்கவில்லை.